ராகிங் செய்தவர்கள் இப்போதாவது பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும் பருவத்தில் தங்கள் நாளிதழில் ராகிங் பற்றிய செய்திகள் தவறாமல் இடம்பெறுகின்றன. தடுப்புக் குழு அமைக்கப்பட்டது, காவல்துறை அதிகாரி மாணவர்களை எச்சரித்தார், புகார் எண் அறிவிக்கப்பட்டது என்ற அளவில் அவை முடிந்துவிடும். எங்காவது ஒரு மாணவர் உயிரிழந்தால் மட்டும் சில நாள்களுக்குப் பெரிய எழுத்தில் வரும். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறார்கள், பிடிபட்டவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஒருபோதும் பிடிபடாமல் படித்து முடித்து, வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்தி, இன்று ஐம்பது வயதைக் கடந்து நிற்கும் அந்நாளைய சீனியர்களைப் பற்றி எழுதுவார் இல்லை. அவர்களுள் சிலராவது தாம் செய்ததை மறக்கவில்லை என்பதும், அந்த நினைவை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு அண்மையில்தான் தெரியவந்தன. அவர்களுக்காகவும், அவர்களிடம் ஒன்றைக் கேட்பதற்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ராகிங் செய்தவன் அல்லன், செய்யப்பட்டவன். எண்பதுகளின் இறுதியில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, தொலைவிலிருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் விடுதியில் சேர்ந்தேன். சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடியே பேச வேண்டும் என்பதும், தீக்குச்சியால் அறையின் நீளத்தை அளந்து சொல்ல வேண்டும் என்பதும், சீனியர்களின் ரெக்கார்டு நோட்டுகளை விடிய விடிய எழுதித்தர வேண்டும் என்பதும் அங்கிருந்த எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை இன்று பழைய மாணவர் சந்திப்புகளில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறோம், நானும் சிரிக்கிறேன். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அறைக்கு அழைத்து, உடைகளைக் களையச் சொல்லி, மேசை மீது ஏற்றி நிறுத்தியதை எந்தச் சந்திப்பிலும் யாரும் எடுப்பதில்லை. தமிழ்வழி மாணவர்களுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் 'இன்ட்ரோ' கொடுக்க வேண்டும். பிழை வந்தால் அறை முழுவதும் சிரிக்கும். அந்தப் பிழையான வாக்கியத்தையே அடுத்தடுத்த அறைகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். அடி வாங்கிய இடம் ஆறிவிட்டது. ஆனால் அந்த வாக்கியத்தின் காரணமாக நான் வகுப்பில் நான்கு ஆண்டுகளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பணியில் சேர்ந்த பிறகும், எனக்கு விடை நன்றாகத் தெரிந்த கூட்டங்களில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். "கூச்சம் தெளியத்தான் இதெல்லாம்" என்பது அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம்.

கடந்த ஆண்டு அந்த விடுதியின் சீனியர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகளின்படி, ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவர் மட்டுமல்லாமல் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளித்தாக வேண்டும். சேர்க்கைத் தாள்களோடு தாளாக அதுவும் அவர் முன்னால் வந்திருக்கிறது. என் மகன் இன்னின்ன செயல்களைச் செய்ய மாட்டான் என்று உறுதி கூறும்முன், அந்த இன்னின்ன செயல்களின் பட்டியலை அவர் முதன்முறையாகப் படித்திருக்கிறார். அதில் பெரும்பாலானவற்றைத் தாம் செய்திருப்பதாக அவரே என்னிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், அன்றிலிருந்து உறக்கம் வரவில்லை என்றும் சொன்னார். இத்தனைக்கும் குற்றவுணர்வு அவருக்குப் புதிதன்று. 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துவந்த நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட செய்தி வெளியானபோது, வேறொரு நகரத்தில் வேலையில் இருந்த அவர் அந்த நாளிதழை மடித்து ஒளித்துவைத்தாராம். யாரிடமிருந்து ஒளித்தார் என்று நான் கேட்கவில்லை.

"என்னை மன்னிச்சிரு தம்பி" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, சின்ன வயசு" என்றேன். அந்த ஒரு நொடியில் வேறு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை. வயதில் மூத்தவர், குரல் உடைந்து பேசுகிறார், நம் ஊர்ப் பழக்கத்தில் அப்படித்தான் சொல்ல வரும். அவர் மனம் இலேசாகி, குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அழைப்பை முடித்தார். அன்றிரவு தூங்காமல் கிடந்தது நான். அவருடைய வருத்தம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் ஏதோ ஒன்று என் தலையில் இறக்கிவைக்கப்பட்டது போலிருந்தது. மன்னிப்பு கேட்பவர்களுக்கு இது புரிவதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் கொடுத்தே ஆக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். கொடுக்காவிட்டால் கல்நெஞ்சக்காரர் என்ற பெயர், கொடுத்துவிட்டால் நடந்தது ஒன்றுமில்லை என்று அவர் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடுகிறது.

சில நாள் கழித்து நானே அவரை அழைத்து என் அறைத்தோழனைப் பற்றிக் கேட்டேன். எங்கள் அறையில் என்னோடு சேர்ந்தவன் அந்த ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. கட்டிய கட்டணமும் போய், அந்த ஆண்டும் போய், பின்னர் ஊருக்கு அருகிலேயே ஒரு கலைக்கல்லூரியில் சேர்ந்து படித்தான். மேசை மீது அதிக நேரம் நிறுத்தப்பட்டவன் அவன்தான். சீனியருக்கு அவனுடைய பெயர் நினைவில் இல்லை, முகமும் இல்லை, அப்படி ஒருவன் பாதியில் போய்விட்டான் என்பதே தெரியாது. அவருக்கு நினைவிருந்ததெல்லாம் அந்த அறையில் தாம் எப்படி நின்றோம், என்ன பேசினோம், உடனிருந்தவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பவைதாம். முப்பது ஆண்டுக்கு மேலாக அவரைத் தின்றுகொண்டிருந்த குற்றவுணர்வில் அவர் மட்டுமே இருந்தார், குற்றத்துக்கு ஆளானவன் இல்லை. இதை நான் அவரைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. இளமையில் செய்த தவற்றை எண்ணி வருந்துகிற பெரும்பாலோர் இப்படித்தான் வருந்துகிறார்கள் என்று நினைக்கிறேன். 'நான் எப்படிப்பட்டவனாக இருந்தேன்' என்று ஆயிரம் முறை கேட்டுக்கொள்கிறவர், 'அவன் பிறகு என்ன ஆனான்' என்று ஒருமுறை விசாரிப்பதில்லை. முதல் கேள்விக்கு முடிவே கிடையாது. இரண்டாவது கேள்விக்குப் பல வேளைகளில் ஓர் ஊர்ப்பெயரும் ஒரு முகவரியும் விடையாகக் கிடைக்கும்.

இலங்கையில் 1975-ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில், பகிடிவதைக்கு (ராகிங்குக்கு அங்கே வழங்கும் பெயர்) தப்புவதற்காக ரூபா ரத்னசீலி என்ற மாணவி இராமநாதன் மண்டபம் என்ற விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். உடல் செயலிழந்த நிலையில் வாழ்ந்து, 2002-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இடைப்பட்டவை இருபத்தேழு ஆண்டுகள். அன்று அவரைத் துரத்தியவர்களும் அதே இருபத்தேழு ஆண்டுகளைப் பட்டம், உத்தியோகம், திருமணம் என்று வாழ்ந்திருப்பார்கள். அவர்களுள் வருந்தியவர்களும் இருந்திருக்கக்கூடும். அதே பேராதனையில் 1997-இல் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பிறகே, 1998-இல் அந்நாட்டில் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் நாவரசு இறந்த பிறகுதான் 1997-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ரூ சீனியர்களால் தாக்கப்பட்டு இறந்த பிறகுதான் மானியக் குழுவின் விதிகளும், 1800-180-5522 என்ற கட்டணமில்லாத உதவி எண்ணும் வந்தன. அமனின் தந்தை தம் மகனின் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, ராகிங் புகார்களைக் கண்காணிக்கும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். பறிகொடுத்தவர் உழைத்தார் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பறித்தவர்கள் பக்கத்திலிருந்து அப்படி உழைக்க வந்தவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

"அது அந்த வயசு" என்ற விளக்கத்துக்கு வருகிறேன். நானே அதைத்தான் சீனியரிடம் சொன்னேன் என்பதால் இதைப் பேச எனக்கு உரிமையுண்டு. பத்தொன்பது இருபது வயதில் கூட்டத்தின் சிரிப்புக்கு இருக்கும் ஈர்ப்பு பெரிது. முந்தைய ஆண்டு தான் பட்டதை அடுத்து வருபவன் மேல் காட்டாவிட்டால் தானே ஏமாந்தவன் என்ற நினைப்பும் பெரிது. கண்டும் காணாமல் இருந்த வார்டனும், புகார் கொடுத்தால் கல்லூரியின் பெயர் கெட்டுவிடும் என்று அறிவுரை சொன்ன நிர்வாகமும் இருந்தார்கள். இவையெல்லாம் உண்மை. ஆகவே அந்த வயதில் செய்ததை வைத்து ஒருவரை ஆயுள் முழுவதும் அளப்பது நியாயம் அன்று. ஆனால் அதே விடுதியில், அதே வயதில், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் இருந்தார். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வராந்தாவுக்கு வருவார்; "மெஸ்ஸுல சாப்டாச்சாடா?" என்று கேட்பார், கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாடம் படிப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் வரை யாரும் எங்களை அழைத்துப்போக வர மாட்டார்கள். தேர்வு நெருங்கியதும் அவரால் வர முடியவில்லை. வந்திருந்தால் என் அறைத்தோழன் ஊருக்குப் போயிருக்க மாட்டான் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் ஒருவர் இருந்தார் என்பதனால், வேறு வழியே இல்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தவர்கள் ஒரு சிலர், தடுத்தவர் ஒருவர், கதவோரம் நின்று பார்த்தவர்கள் ஏராளம். பார்த்துக்கொண்டு நின்றவர்களின் குற்றவுணர்வும் இதில் சேர்ந்ததுதான். தாம் கை வைக்கவில்லை என்ற ஒரு காரணத்தை அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் அது வெளியே வர இன்னும் நாளாகிறது.

பேசினால் வழக்கு வருமோ என்ற அச்சத்தைச் சீனியர் வெளிப்படையாகவே சொன்னார். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ராகிங்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவாக அதிகபட்சம் மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. எண்பதுகளில் நடந்ததற்கு அந்தச் சட்டமே பொருந்தாது. உயிரிழப்பும் கொடுங்காயமும் நேர்ந்த நிகழ்வுகள் வேறு; அவற்றுக்கு நீதிமன்றமே இடம், தனிப்பட்ட வருத்தம் அதற்கு ஈடாகாது. நாவரசு வழக்கில் 1998-இல் கடலூர் நீதிமன்றம் வழங்கிய ஆயுள் தண்டனையை 2001-இல் உயர்நீதிமன்றம் நீக்க, 2011-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. அத்தகைய வழக்குகளை விட்டுவிட்டால், மற்றவர்களின் வாயை அடைத்துவைத்திருப்பது சட்டத்தைவிட வெட்கமே. மனைவி என்ன நினைப்பார், மகன் என்ன நினைப்பான் என்பதுதான் அவர்களின் பயம்.

அந்த மகன் அடுத்த ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவன் ஆகிவிடுவான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ராகிங் செய்வதில் முன்னிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு மாணவர்களே. பட்ட காயம் ஆறாமல் அதிகாரம் கைக்கு வருகிற ஆண்டு அது. இன்று கல்லூரிகளில் முதல் வாரத்தில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு ஆய்வாளரையும் வழக்கறிஞரையும் அழைக்கிறார்கள். ஓர் ஆண்டு நானும் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். தண்டனைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன: இடைநீக்கம், தேர்வு முடிவை நிறுத்திவைத்தல், ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை வெளியேற்றம், இருபத்தைந்தாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பின்வரிசை மாணவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டனை என்பது மாட்டிக்கொள்கிற முட்டாள்களுக்கு என்று இருபது வயதில் எல்லோரும் நம்புகிறோம். சட்டங்களும் விதிகளும் இத்தனை ஆண்டுகளாக இருந்தும், 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதி மாடியிலிருந்து விழுந்து முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் இறந்தார். கைதானவர்களுள் முன்னாள் மாணவரும் இருந்தார்.

அந்த மேடையில் ஆய்வாளருக்குப் பக்கத்தில், மாட்டிக்கொள்ளவே இல்லாத ஒருவர் நிற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. நல்ல வேலையில் இருப்பவர், நரைத்தவர், பார்க்க உங்கள் அப்பாவைப் போலவே இருப்பவர், அந்த விடுதியின் இன்ன அறையில் இன்ன ஆண்டில் தாம் என்ன செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாட்டுப் பாடச் சொன்னது ஒரு வாரத்தில் உடையைக் களையச் சொல்வதாக எப்படி மாறியது, எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், ஏன் நிறுத்தவில்லை, யார் சிரித்ததற்காக அடுத்த படி ஏறினார் என்பவை வேறு எவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வருகிற எந்த அறிவுரையாளருக்கும் இல்லாத தகுதி இது. இழிவான முறையில் சம்பாதித்த தகுதிதான், ஆனாலும் தகுதி. புதியவர்களுக்காக மட்டும் கூட்டம் நடத்துவதை விட்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கென்றே தனியாக, அவர்கள் சீனியர்கள் ஆகும் அந்த முதல் வாரத்தில் இதை நடத்த வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் வெள்ளி விழாவுக்குக் கல்வெட்டும் குடிநீர் இயந்திரமும் தருகின்றன. இப்படி ஒருவரை ஆண்டுதோறும் தந்தால் செலவும் குறைவு.

எல்லோராலும் மேடையேற முடியாது. தனிப்பட்ட முறையில் பாதிக்கப்பட்டவரை அணுக விரும்புபவர்கள் தொலைபேசியில் திடீரென்று அழைக்காமல் கடிதமாக எழுதலாம். படிப்பதும் படிக்காமல் வைப்பதும் அவர் விருப்பமாக இருக்கும். 'நாம எல்லாரும் ஜாலியா இருந்தோமே, ஏதாவது மனசு கஷ்டப்பட்டிருந்தா' என்ற வகையில் எழுதாமல், செய்ததைச் செய்தபடியே எழுத வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோருக்கும் பொதுவாகக் கைகூப்பும் படம் போடுவதை மன்னிப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பதில் வராவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக உறக்கமின்றித் தவிப்பவர்களும், வாழத் தகுதியற்றவன் என்ற எண்ணம் அடிக்கடி எழுகிறவர்களும் அதைத் தண்டனையாக நினைத்துச் சுமக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்; 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். சீனியர் படுத்த படுக்கையாவதால் என் அறைத்தோழனுக்கு அந்த ஓர் ஆண்டு திரும்பி வரப்போவதில்லை.

சீனியர் இப்போது என் அறைத்தோழனின் முகவரியைக் கேட்கிறார். நான் உடனே கொடுக்கவில்லை. அவனிடமே முதலில் கேட்டேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு, "கடிதம்னா போடச் சொல்லு, போன் வேண்டாம். மன்னிப்புன்னு எழுதுனா நான் படிக்க மாட்டேன். ஏன் செஞ்சாங்கன்னு எழுதச் சொல்லு" என்றான். அந்த நிபந்தனையைச் சீனியரிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார், பல முறை கிழித்துப்போட்டதாகவும் சொல்கிறார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிகள் திறக்கும் மாதங்களில், ராகிங் செய்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் எழுதும் கடிதங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாரத்தில் ஒரு நாள் சிறிது இடம் ஒதுக்க வேண்டும். எழுதுபவரின் பெயரை வெளியிட வேண்டாம். பாதிக்கப்பட்டவரையும் கல்லூரியையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிடலாம். என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பது மட்டும் இருந்தால் போதும். தாங்கள் இசைந்தால், முதல் கடிதத்துக்கு என் சீனியரிடம் நானே கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.